ருசி பார்க்காத சாம்பார்

தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி இருந்த அந்த பங்களாவில் எட்டு ஆண்கள் தங்கியிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் அடிப்பதுதான் தொழில். கூடத்தில் இருந்த சோபாவையெல்லாம் தூக்கிவிட்டுக் கம்பி வலை போட்ட ஒரு கூண்டைக் கட்டியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் அதற்குள் போய்க் கையாலும் காலாலும் அடித்துக்கொள்வார்கள். தோற்றவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவனுக்குப் பரிசு. சுவருக்குச் சுவர் கேமரா இருந்தது. அவர்கள் சாப்பிடுவது, சண்டை பிடிப்பது, பல் விளக்குவது எல்லாம் படம். அதை வெள்ளிக்கிழமைதோறும் டிவியிலும் கைப்பேசியிலும் காட்டினார்கள். நான் அங்கே சமைக்கப் போனேன்.

அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. "அடிதடி வீட்டுல உனக்கு என்னாம்மா வேலை?" என்று என் மகள் கேட்டாள். "சமையல் வேலைதான்" என்றேன். துறைமுகத்துக் கேண்டீனில் இருபது வருஷம் சமைத்தவள் நான். மூட்டை தூக்குகிறவர்களின் பசியைப் பார்த்தவளுக்கு இந்த எட்டுப் பேர் ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

கேண்டீனைவிட எனக்குப் பெரியது தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில், துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு வருஷமும் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறோம். அந்தப் பந்தலில் சாம்பார் அண்டா என் பொறுப்பு. இருபத்தாறு வருஷம் வேறு யாரும் அதில் கரண்டி போட்டதில்லை. அந்தச் சாம்பாரை நான் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் சமைக்கிறவள் நாக்கில் வைத்தால் அது எச்சில். விரதக்காரர்களுக்குச் சமைப்பதும் எனக்கு அப்படியேதான். உப்பு போதுமா, புளி போதுமா என்று மூக்கு சொல்லிவிடும். கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதும் இல்லை.

அந்த வீட்டில் நான் பார்த்தது சண்டையே இல்லை. கூண்டுக்குள் அவர்கள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். மணி அடித்தால் அடித்தார்கள், மணி அடித்தால் நிறுத்தினார்கள், கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகுதான் எல்லாம். ஒருவன் படுக்கையில் இன்னொருவன் தரை கழுவுகிற சோப்புத் தண்ணீரை ஊற்றி வைப்பான். எடை பார்க்கிற நாளைக்கு முந்தின நாள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காய்ந்து கிடக்கிறவன் முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் ஐஸ் போட்ட சீராப் குடிப்பார்கள். ஒருநாள் ஒருவனுடைய தண்ணீர்ப் போத்தலில் எச்சில் துப்பி மூடி வைத்தார்கள். அவன் குடிக்கிற வரைக்கும் ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குடித்ததும் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கேமரா பிடித்தவன் அவர்களைத் தடுக்கவில்லை. "சிரிச்சது சரியா விழல, இன்னொருவாட்டி லா" என்றான். அவர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள். ஆறு பேரும் சொல்லி வைத்தமாதிரி, முன்னைவிட நன்றாகவே சிரித்தார்கள்.

நான் ஒருவனைக் கேட்டேன். "ஏன்பா, அவன் மேல கோவமா?"

"கோவம் எல்லாம் இல்ல ஆன்ட்டி. சும்மா இருந்தா நம்மள காட்ட மாட்டாங்க. தோத்தாலும் மூஞ்சி வெளிய தெரியணும்ல?"

அந்த எட்டுப் பேரில் தமிழர்கள் இரண்டு பேர். ஒருவன் ஜுருவிலிருந்து வந்தவன். அங்கே ஒரு பட்டறையில் காருக்குச் சாயம் அடிக்கிறவன். முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதத்தில் இருந்தான். தரையில் துண்டை விரித்துப் படுப்பான். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பேசுவான். அவனுக்கென்று நான் தனியாக ஒரு சின்னப் பானை, ஒரு கரண்டி, ஒரு தட்டு வைத்திருந்தேன். என்னை அம்மா என்று கூப்பிட்டான். தைப்பூசத்தன்று அவனை வெளியே விடப் படம் பிடிக்கிற கம்பெனி சம்மதித்திருந்தது. காவடியைப் படம் எடுக்கலாம் என்ற ஆசை அவர்களுக்கு.

இன்னொருவன் கோலாலம்பூர்க்காரன். உயரமாக இருப்பான், வாய் இனிக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் முருகன் வேல் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தான். முதல் நாளே அடுப்படிக்கு வந்து, "ஆன்ட்டி, உங்க கை மணம் வாசல் கேட்டு வரைக்கும் வருது லா" என்றான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டில் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் சோறும் தராசில் நிறுத்து வைத்தால் போதும்.

ஒருநாள் அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜுருக்காரனின் சாம்பாரை இறக்கினேன்.

"என்னா ஆன்ட்டி, டேஸ்ட் பாக்கல? உப்பு இல்லன்னா?"

"விரதச் சாப்பாட்டை வாயில வைக்கக் கூடாதுப்பா. தண்ணீர்மலைப் பந்தல்ல இருவத்தாறு வருஷமா சாம்பார் வைக்கிறேன். ஒருநாள் நான் உப்பு பாத்திருப்பனா? கேட்டுப் பாரு."

"அப்ப உள்ள என்னா இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது?"

"என் மூக்குக்குத் தெரியும்" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் பச்சை ரவிக்கை போட்டிருந்தேன். அது பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மேனேஜர் வந்தாள். அவளும் தமிழ்ப் பெண்தான், காதில் எந்நேரமும் ஒரு ஒயர் தொங்கும். "ஆன்ட்டி, கொஞ்சம் முன்னால வாங்க. உங்க சமையல் பத்தி ரெண்டு வார்த்தை கேமராவுல சொல்லுங்க" என்றாள். சாம்பார் கொதித்து இறங்கத் தயாராக இருந்தது. அடுப்பைச் சிறிதாக்கி மூடி போட்டுவிட்டு முன்பக்கம் போனேன். போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முடியைச் சரி செய்துகொண்டேன்.

அங்கே என்னை நிற்க வைத்து, கோலாலம்பூர்க்காரன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். நீங்கள் ருசி பார்க்க மாட்டீர்களாமே? நான் அதே பதிலைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். இருபத்தாறு வருஷம் என்று விரல் விட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன்.

அந்த நேரத்தில் கோலாலம்பூர்க்காரனும் இன்னும் இரண்டு பேரும் அடுப்படிக்குப் போய், கோழி வெந்த தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு அந்தச் சின்னப் பானையில் ஊற்றிக் கலக்கி, பழையபடி மூடி வைத்திருக்கிறார்கள்.

என் மூக்கு என்னத்தைக் கண்டது என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. அந்த அடுப்படியில் காலையிலிருந்து மாலை வரைக்கும் கோழிதான் வெந்துகொண்டிருக்கும். சுவரில் கோழி வாசம், என் சேலையில் கோழி வாசம். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. பானையை நானே தூக்கிக்கொண்டு போனேன். என் கையாலேயே ஜுருக்காரனின் சோற்றில் ஊற்றினேன். "சுத்தமா செஞ்சதுப்பா, நல்லா சாப்பிடு" என்றும் சொன்னேன்.

அவன் பாதிச் சோறு சாப்பிட்டுவிட்டான். வழக்கத்தைவிட மேசையில் சத்தம் குறைவாக இருந்தது. யாரும் யாரையும் சீண்டவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றக் குனிந்தேன். கோலாலம்பூர்க்காரன் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் அக்குளில் வைத்து அடித்துக்கொண்டு, "கொக் கொக் கொக் கொக்" என்று கூவினான். மற்றவர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். "புரோ, சாமி ஒன்னும் சொல்ல மாட்டாரு லா. அவருகிட்டயே சேவல் இருக்கு" என்று கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தமிழ் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அதை மலாயில் ஒரு தடவை சொன்னான்.

மற்றவர்களுக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ கறி சாப்பிடாத ஒருவனுக்குக் கறி கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். கையில் வேல் பச்சை குத்தியவனுக்குத் தெரியும். அவன் அம்மா வீட்டிலும் யாராவது பால்குடம் எடுத்திருப்பார்கள்.

ஜுருக்காரன் கத்தவில்லை. வாயில் இருந்ததை இலை ஓரத்தில் துப்புவதுபோலத் தட்டில் துப்பினான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க ருசி பாக்கலியாம்மா?"

அவ்வளவுதான் கேட்டான். நான், "நான் எப்பவும் பாக்க மாட்டனேப்பா" என்றேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது.

அவன் எழுந்து போய்த் தொட்டியில் கை கழுவினான். வாய் கொப்பளித்தான். துண்டால் கையை விரல் விரலாகத் துடைத்தான். திரும்பி வந்து, நாற்காலியிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தவனின் தாடையில் ஒரே ஒரு அடி அடித்தான். அவன் நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான்.

கூண்டுக்கு வெளியே அடித்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்பது அவர்கள் விதி. சாயங்காலமே ஜுருக்காரனைப் பையோடு அனுப்பிவிட்டார்கள். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே போனான். விழுந்தவனுக்கு ஒன்றும் இல்லை. தாடையில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தான் மன்னித்துவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தான்.

நான் மேனேஜரிடம் போனேன். "மொதல்ல அவனைத்தானே வெளிய அனுப்பணும்?" என்றேன்.

"ஆன்ட்டி, அவர் செஞ்சது ஜோக். இவர் செஞ்சது அடி. ரெண்டும் ஒன்னு இல்ல லா."

"என் பானையில கைய வச்சது ஜோக்கா?"

"ரிலேக்ஸ் ஆன்ட்டி. உங்கள யாரும் ஒன்னும் சொல்லலயே."

"நீ என்னைக் கூப்பிட்ட நேரத்துலதானே ஊத்துனானுங்க?"

அவள் காதில் இருந்த ஒயரைத் தொட்டுக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் என் கரண்டியையும் உப்பு ஜாடியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டேன். அடுப்பில் அவர்களுடைய கோழி கொதித்துக்கொண்டிருந்தது. அதை நான் அணைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதைக் காட்டினார்கள். மகள் கைப்பேசியில் பிடித்துக் கொடுத்தாள். முதலில் நான் விரல் விட்டுக் காட்டிப் பேசுகிறேன். அடுத்து ஒரு குவளை பானைக்குள் சரிகிறது. யாருடைய கை என்று தெரியவில்லை. அதற்கு அடுத்ததாக நான் சிரிக்கிறேன். பிறகு சோற்றில் ஊற்றி, "சுத்தமா செஞ்சதுப்பா" என்கிறேன். பார்த்தால் எல்லாம் தெரிந்துதான் நான் ஊற்றினேன் என்று இருக்கிறது. ஆனால் சிரிக்கும்போது எனக்குப் பச்சை ரவிக்கை. ஊற்றும்போது காப்பி நிறம். மகளிடம் காட்டினேன். "யாரும்மா ரவிக்கையைப் பாக்கப்போறா?" என்றாள். மேனேஜருக்குப் போன் போட்டேன். நான் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில், எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறதாம். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்டச் சொல்ல எனக்கு அன்றைக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பாசாரில் மீன் விற்கிறவள் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். அவள் தராசில் மீனைப் போட்டுக்கொண்டே, "என்னாக்கா, இன்னிக்கு உங்க வீட்டுல சாம்பாரா, சூப்பா?" என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மீனை வாங்காமல் வந்துவிட்டேன். அவள் கெட்டவள் இல்லை. அவளும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பந்தல்காரர்கள் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சேதி வந்தது. அண்டாவைப் பற்றிப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ஃபெரி ஏறி, பஸ் பிடித்து ஜுருவுக்குப் போனேன். அவன் வேலை செய்யும் பட்டறையை விசாரித்துக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டான். முகமெல்லாம் வெள்ளைச் சாயத்தூள்.

"காவடி?" என்று கேட்டேன்.

"இந்த வருஷம் இல்லம்மா. காவடி கட்டி விடுற சாமியார், விரதத்த அடுத்த வருஷம் மொதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு."

"நாளைக்கு எங்க பந்தல்ல கூட்டம். நீ ஒரு வார்த்தை போன்ல சொல்லணும்பா. எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

அவன் கையில் இருந்த துணியைத் திருப்பித் திருப்பி மடித்தான்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு கண்டிப்பா சொல்றேன். ஆனா ருசி பாத்தாங்களான்னு கேட்டா, பாக்கலன்னுதான் சொல்லுவேன். ஒரு சொட்டு நாக்குல வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்லம்மா. பொய் சொல்ல முடியாது."

"வச்சிருந்தா அது எச்சில்பா."

"எச்சின்னா பரவால்லம்மா. நான் சாப்பிட்டிருப்பேன்."

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தான்.

அவன் சொன்னபடியே போன் செய்திருக்கிறான். கூட்டத்தில் தலைவர் எழுந்து அதை எல்லாருக்கும் சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

"அக்கா மேல தப்பு இல்லன்னு அந்தத் தம்பியே சொல்லிட்டாரு. அண்டா எப்பவும் அக்காதான். ஆனா சனங்க கைப்பேசியில பாத்துட்டாங்க. விரதக்காரங்க பயப்படுவாங்க. அதனால இந்த வருஷம் மட்டும், இறக்குறதுக்கு முன்னால அக்கா ருசி பாத்துட்டு இறக்கட்டும். கமிட்டியிலேருந்து ஒருத்தர் பக்கத்துல நிப்பாரு. நாலு பேரு பாத்தா சரியாப் போச்சு."

"சாமிக்குப் படைக்கிறத நாக்குல வைக்கச் சொல்றீங்களா?"

"படைக்கிறதுக்குத் தனியா எடுத்து வச்சிருவோம்க்கா. அதை வேற ஒருத்தங்க செய்வாங்க."

"வேற ஒருத்தங்க" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"ஒரு நாள்தான்க்கா. சும்மா கேமராவுக்குன்னு நெனச்சிக்குங்க" என்றான் பின்வரிசையில் ஒருவன். அவன் சமாதானம் சொல்வதாகத்தான் நினைத்திருப்பான்.

நான் எழுந்தேன். என் பின்னால் யாராவது எழுந்து வருவார்கள் என்று வாசல் வரைக்கும் நினைத்தேன். வாசலில் செருப்பை மாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். உள்ளே வாழைக்காய் எத்தனை கிலோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தைப்பூசத்தன்று மகளும் பேரப்பிள்ளைகளும் மலைக்குப் போனார்கள். நான் போகவில்லை. குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்து ஒரு சின்னப் பானையில் சாம்பார் வைத்தேன். வீட்டில் ஒரு வாரமாகக் கறி, மீன் எதுவும் வாங்கவில்லை. சாம்பார் நுரை கட்டி வந்தது. வாசம் எப்போதும் போலத்தான் இருந்தது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, அடியில் லேசாகப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நாக்கில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. புளியும் சரியாக இருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் வைக்க எடுத்து வைத்திருந்த வாழையிலையை மடித்து வைத்துவிட்டேன். அந்தச் சாம்பாரை இனி அங்கே வைக்க முடியாது. சோற்றைப் போட்டு, ஊற்றி, அடுப்படியிலேயே உட்கார்ந்து நானே சாப்பிட்டேன்.